துண்டுக்கு எழுபத்திரண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் நானும் அம்மாவும் ஒரு குளியல் துண்டை இறுக்கிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அதன்மேல் ஸ்மார்ட் வாட்சைக் கட்டினோம். அடியில் பச்சை விளக்கு மினுக்கி நாடித்துடிப்பு பார்க்கும் வகை. துண்டைச் சாப்பாட்டு மேசையில் கிடத்திவிட்டுக் காத்திருந்தோம். இருபது விநாடியில் திரையில் எண் வந்தது. எழுபத்திரண்டு.

“துண்டு நல்லா இருக்குடா. என்னை விட ஆரோக்கியம்,” என்றாள் அம்மா.

அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்படியே ஜுரம் இருக்கான்னும் பாத்துட்டுக் குடுங்க. நான் குளிக்கணும்.”

அம்மா சிரித்து முடித்தபிறகு தாளை எடுத்து எழுதினாள்: ‘பத்தொன்பதாம் நாள். துண்டுக்கு 72. பொய் சொல்கிறது.’

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. செவ்வாய்க்கிழமை அம்மா இறந்துபோனாள்.

அம்மா பார்சல் வேன் ஓட்டினாள். இருபத்தாறு வருடம். அதில் ஒருமுறை இடித்திருக்கிறாள், அதுவும் நின்றுகொண்டிருந்த வேனை இன்னொருவர் வந்து இடித்தது. அவள் கணக்கில் அதுவும் பாதி அவள் தப்புதான். “அந்த இடத்துல நிறுத்தியிருக்கக் கூடாது” என்பாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு மொபைல் கடை இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கடைக்காரர் ஒரு ஃபோனை அம்மாவிடம் விற்றுவிட்டு, மறுவாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். “முப்பது நாள் போகட்டும் தம்பி, சொல்றேன்” என்று வந்துவிட்டாள். முப்பதாம் நாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். குறைகள் மேலே, நிறைகள் கீழே, கடைசியில் ஒரே ஒரு சொல். ‘வாங்கு’, ‘வேண்டாம்’, ‘பொறு’ இந்த மூன்றில் ஒன்று. அந்த ஃபோனுக்கு ‘வேண்டாம்’. கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வேடிக்கைக்காகத் தாளைச் சுவரில் ஒட்டினார். ஜனங்கள் நின்று படித்தார்கள். வேறு ஃபோன் கேட்டு வாங்கிப்போனார்கள். அதற்குப்பிறகு புதிதாக எது வந்தாலும் ஒன்றைப் பிரித்து அம்மாவிடம் கொடுத்து அனுப்புவார். முப்பதாம் நாள் பொருளும் தாளும் திரும்பிப் போகும். அவள் பெயர் ஜட்ஜம்மா ஆயிற்று.

அந்தத் தாள்களை நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்திருந்தாள்.

தானே தரை பெருக்கும் மிஷின்: ‘மூலைக்குப் போகாது. குப்பை மூலையில்தான் இருக்கிறது. வேண்டாம்.’

காதுக்குள் வைக்கும் இயர்போன்: ‘பாட்டு நன்றாகக் கேட்டது. சட்டைப் பையோடு துவைத்தபிறகு கேட்கவில்லை. அது இயர்போன் குற்றமல்ல. வாங்கு.’

கார் கடையில் கிடையாது. ஆனால் தெருவில் யார் புதுக் கார் வாங்கினாலும் அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவார்கள். பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்துத்தான். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாங்கிய பெரிய கார் பற்றி: ‘ஏசியைக் குறைக்க மூன்று தடவை திரையைத் தொட வேண்டும். அதுவரை சாலையை யார் பார்ப்பது? இது கார் இல்லை, சக்கரம் வைத்த டிவி. கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் தானே திரும்புகிறது. பக்கத்து சீட்டில் மாமியாரை வைத்து ஓட்டுவது போல. இருக்கை மட்டும் அருமை.’ பல் டாக்டர் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு அவர் மனைவி, பழைய காரே தேவலை என்று ஒப்புக்கொண்டார்.

வீடியோ கேம்கூட அவளுக்கு வேலை மாதிரிதான். ஸ்டியரிங்கைச் சாப்பாட்டு மேசை விளிம்பில் இறுக்கி, பெடல்களைச் சுவரோரம் முட்டுக் கொடுத்து உட்காருவாள். நாள் முழுக்க வேன் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் ஓட்டுவாள். ஊரெல்லாம் துரத்திக்கொண்டு போகும் விளையாட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்பாள். பின்னால் வருகிற பொம்மைக் கார்கள் எல்லாம் வந்து மோதும்.

“போம்மா, அது கேம்மா,” என்பேன்.

“கேம்னா? விளக்கு சிவப்புதானே?”

அதன் தாளில் இப்படி எழுதியிருக்கிறாள்: ‘ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்குவது அப்படியே நிஜம். யார் படம் போட்டாரோ அவர் வண்டி ஓட்டியவர். ஆனால் இடித்தபிறகு யாரும் இறங்கி வந்து திட்டுவதில்லை. அதனால் பாதி பொய். வாங்கு.’

நான் குளிர்கிடங்குகளுக்கு வெப்பமானி பொருத்தும் நிறுவனத்தில் இருக்கிறேன். அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது என் வேலை. கிடங்கிலிருந்து நாளுக்கு முப்பது எச்சரிக்கை வரும். இருபத்தொன்பது, கம்பி தளர்ந்ததால். அதனால் நாங்கள் முதலில் கிடங்கைச் சந்தேகப்படுவதில்லை, வெப்பமானியைத்தான் சந்தேகப்படுவோம். பதினோரு வருடப் பழக்கம்.

வாட்ச் வந்த ஒன்பதாம் நாள் அம்மா ஃபோன் செய்தாள்.

“டேய், இது என்னமோ எழுதிக் காட்டுது. ‘இதயத் துடிப்பு சீராக இல்லை’யாம்.”

“எங்க இருக்க?”

“வேன்ல. சிக்னல்ல நிக்கறேன்.”

“வண்டி குலுங்கும்போது அப்படித்தான் காட்டும். வாரை இன்னொரு ஓட்டை இறுக்கிக் கட்டு.”

“அப்ப குறையில எழுதலாமா?”

“எழுது.”

எழுதினாள். பதினான்காம் நாள் மறுபடியும், மறுபடியும் வேனில். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னேன். புதுப்பித்தாள். பதினெட்டாம் நாள் சாயங்காலம் வீட்டில், கேம் ஆடி முடித்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தது. அப்போது எதுவும் குலுங்கவில்லை. அவள் ஃபோனில் அதைச் சொன்னபோதே நான் நின்றிருக்க வேண்டும். நின்று, ஒரு விநாடி யோசித்திருக்க வேண்டும்.

“களைப்பா இருக்கா?” என்று கேட்டேன்.

“இந்த வயசுல களைப்பு இல்லன்னாதான் டாக்டர்கிட்ட போகணும்.”

“சரி, நாளைக்கு வரேன். ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்.”

அதுதான் துண்டு.

சோதனை தப்பு. முதலாண்டு மாணவன்கூடச் சொல்வான். இல்லாத துடிப்பை வாட்ச் காட்டுகிறது என்பதைத்தான் நாங்கள் நிரூபித்தோம். இருக்கிற துடிப்பைத் தப்பாகக் காட்டுகிறது என்பதை நிரூபிக்கவில்லை. இரண்டும் வேறு. ஒரு துண்டை வைத்து அம்மாவைச் சோதித்துவிட்டு, சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு அவள் வேனை ஓரங்கட்டியிருக்கிறாள். ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு மூலை விளக்குகளையும் மினுக்கவிட்டு, எஞ்சினை அணைத்திருக்கிறாள். மழைநீர் வடிகாலை மறைக்காமல் நேராக நிறுத்தியிருந்தாள். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர்தான் இறங்கிப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர் என்னிடம் சொன்னது: “ஏதோ டெலிவரிக்கு நிறுத்தியிருக்காங்கன்னுதான் சார் நெனச்சேன். அவ்வளவு நீட்டா நிறுத்தியிருந்தாங்க.”

மருத்துவமனையில் டாக்டர், துடிப்பு சீரில்லாமல் போய் இரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார். முன்பே தெரிந்திருந்தால் மாத்திரை உண்டு என்றார்.

“முன்னாடி ஏதாவது அறிகுறி இருந்துச்சா?”

அப்பா சொன்னார், “ஒண்ணும் இல்ல டாக்டர். அந்த வாட்ச்தான் என்னமோ காட்டிச்சு. அது துண்டுக்கே காட்டும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நகை, செருப்பு, வாட்ச் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வாட்சின் பதிவைப் பார்த்தேன். அன்று காலையில் மட்டும் மூன்று எச்சரிக்கை. டாக்டர் சான்றிதழில் எழுதிய நேரத்துக்குப் பிறகும் நான்கு நிமிடம் துடிப்பு காட்டியிருந்தது. அது பொய் என்று எனக்குத் தெரியும். நான்தான் நிரூபித்தேன். இருந்தும் அந்த நான்கு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாளே கடைக்காரர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, அவசரமே இல்ல. அந்த வாட்ச் உங்ககிட்டயே இருக்கட்டும். தாள் மட்டும், அம்மா ஏதாவது எழுதியிருந்தா... ரெண்டு மூணு பேர் வந்து கேட்டுட்டாங்க. ஜட்ஜம்மா என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுகிட்டு வாங்கறோம்ங்கறாங்க. கடைசியா ஒண்ணு சுவர்ல இருக்கட்டும்னு எனக்கும் ஆசை.”

தாளில் இருக்கும் பெரிய குறை ‘பொய் சொல்கிறது.’ அது சுவரில் ஏறினால் ஊரில் யாருக்காவது எச்சரிக்கை வரும்போது, ஜட்ஜம்மாவே சொல்லியாச்சு என்று வாரை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்ன ஒரே தப்பு அது. அதுவும் அவளாகச் சொன்னதல்ல. நான் சொல்லி அவள் எழுதியது.

திருத்தலாம். ஆனால் முப்பது நாள் பயன்படுத்தாமல் ஒரு பொருளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அவள் விதி. வாட்ச் அவள் கையில் இருந்தது இருபத்தொரு நாள். மீதி ஒன்பது நாளை நான் கட்டிக்கொண்டேன். தனியாக ஒரு நோட்டில் நாளுக்கொரு வரி எழுதினேன். ‘இருபத்திரண்டு. எச்சரிக்கை இல்லை.’ ‘இருபத்து மூன்று. எச்சரிக்கை இல்லை.’ தூக்கமில்லை, சாப்பாடில்லை, மாடிப்படியில் ஓடிக்கூடப் பார்த்தேன். என் இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. “அதக் கழட்டுடா. பொய் பேசறதக் கையில கட்டிக்கிட்டு.”

இன்று முப்பதாம் நாள். மத்தியானம் அப்பா அம்மாவின் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கடைசி வரியில் அந்த ஒற்றைச் சொல்லுக்கான இடம் காலியாக இருந்தது.

“வேண்டாம்னு எழுதிடு. அவ அதத்தான் எழுதியிருப்பா. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்.”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். “அது பொய் சொல்லலப்பா.”

“துண்டுல பாத்தீங்களே?”

“துண்டுக்கு உயிரில்லப்பா. அம்மாவுக்கு அது நெஜத்தச் சொல்லிச்சு. மூணு தடவ சொல்லிச்சு. மூணு தடவையும் நான்தான் இல்லன்னேன்.”

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசை விளிம்பில் ஸ்டியரிங் இன்னும் இறுக்கியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் அதன் திருகைத் தளர்த்தப் பார்த்தார். முடியவில்லை. அதை இறுக்கினது அம்மா.

“அப்ப அவ எழுதினது தப்பா?”

“நான் சொன்னது தப்பு. அத அடிச்சுட்டுக் கீழ நான் எழுதறேன். இல்லன்னா வேற யாராவது...”

“அவ எழுத்த அடிக்காதடா.” குரல் உயரவில்லை. “வேற தாள்ல என்ன வேணாலும் எழுது. அவ எழுத்து மேல கோடு போடாத. நான் இருக்கும்போது வேண்டாம்.”

வேறு தாள் எடுத்தேன். வேறு தாளில் என் கையெழுத்து இருக்கும். அதை அந்தச் சுவரில் நின்று யார் படிப்பார்கள்? அப்பா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் பின்னால் போகவில்லை.

நான்கு மணிக்கு அலமாரி மேலிருந்து அம்மாவின் ஃபோன் அடித்தது. வாட்ச் வந்த அன்றே அவள் நினைவூட்டல் போட்டுவைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன்.

‘நாள் 30. கடைக்குப் போக வேண்டும். வாட்ச், தாள், சார்ஜர். பெட்டியை மறக்காதே.’