சாயக் கட்சியும் மருதாணிக் கட்சியும்

1. டைமர் அடித்தும் எழாத டீச்சர்

தலையில் பிளீச் வைத்திருப்பவர் டைமர் அடித்ததும் எழுந்து தலை அலசும் பேசினுக்கு வந்துவிட வேண்டும். அன்று மாலதி டீச்சர் வரவில்லை. இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்கிறது, பொறு என்றார். நான் பொறுப்பேன், பிளீச் பொறுக்குமா? கையைப் பிடித்து இழுத்து வந்து அலசினேன். தேன் நிறம் கேட்ட தலை வாழைப்பழ மஞ்சளாக வெளுத்திருந்தது.

வேறு நாளாக இருந்தால் டீச்சர் என் சலூனை இரண்டாக்கியிருப்பார். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. ஆனால் அன்று கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சொன்னார்:

"போன ஒளிச்சு வச்சுட்டான் சரசு. பாவி."

எவன் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் சலூனில் 'அவன்' என்றால் கதிர்தான். கதிர் ஒரு நாவலில் வருகிற ஆள். மஞ்சளான தலையை உடனே தொட்டால் முடி உடையும் என்று சொல்லி, சனிக்கிழமை வாருங்கள், மேலே சாயம் போட்டு அடக்குகிறேன் என்று அனுப்பி வைத்தேன். டீச்சர் அதற்கும் தலையாட்டினார். கடைசி இரண்டு பக்கத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

2. தாப்பாவ் கிடையாது

ஈப்போவில் சிலிபின் பகுதிக் கடைவரிசையில் இருக்கிறது எங்கள் சலூன். முன்பக்கம் முடியும் சாயமும் என் பொறுப்பு. பின்பக்கம் மருதாணி, கல்யாண அலங்காரம் எல்லாம் புவனா. இருவரும் கூட்டு. இருவருக்கும் வாய் நீளம். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் நான் நின்று வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டேன். தொழில் பழக வருகிற பெண்கள் என்னிடம் சாயத்துக்கும் டெவலப்பருக்கும் அளவு கேட்கிறார்கள். அது டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிராத ஒன்றைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த நாவலைக் கொண்டுவந்து வைத்தது ஜெசிந்தா. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்க்கிறவள், எங்கள் பழைய வாடிக்கையாளர். பிறந்தது தோட்டத்தில். ரப்பர் மரமெல்லாம் போய் அந்த இடம் இப்போது வரிசை வீடுகள் கட்டிய தாமானாகிவிட்டது. அவள் முதல் நாவலுக்கு அதுதான் களம். காணாமல் போன அக்காவைத் தேடி கவிதா என்ற பெண் அங்கே வருகிறாள். பக்கத்து வீட்டுக் கதிர் தேட உதவுகிறான். காதலாகிறது. அவனே குற்றவாளியோ என்று பாதிக் கதை நம்மை ஆட்டி வைத்துவிட்டு, இல்லை, வேறொருவன் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. கடைசிப் பக்கத்தில் கதிர் மழையில் வந்து கதவைத் தட்டுகிறான். கவிதா திறக்கவில்லை. முற்றும்.

"பேஸ்புக்ல போட்டேன்கா. எல்லாரும் வாழ்த்துகள், வாழ்த்துகள்னு எழுதுறாங்க. ஒருத்தர்கூட படிச்ச மாதிரி தெரியல. ஒங்க கஸ்டமருங்க மனசுல பட்டத சொல்லுவாங்க. எனக்கு அதுதான் வேணும்," என்றாள்.

ஒரு புத்தகம்தான் வைத்தாள். அதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, தாப்பாவ் கிடையாது, இங்கேயே படிக்க வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். சாயம் பிடிக்கும் வரை சும்மா இருக்கிறவர்கள் படித்தார்கள். விட்ட இடத்தில் ஆளுக்கொரு ஹேர்பின்னைச் செருகிவிட்டுப் போவார்கள். சில பேர் நரையே இல்லாத தலைக்கு டச்-அப் செய்ய வந்தார்கள். வேண்டாம் என்று நான் ஏன் சொல்லப் போகிறேன்?

மருதாணி போட்டவர்களால் பக்கத்தைத் திருப்ப முடியாது. அவர்களுக்குப் புவனா படித்துக் காட்டினாள். கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகிய குரல் அவளுக்கு. பாதியைப் படிப்பாள், மீதியை வாயால் சொல்லி, மருதாணி காய்வதற்குள் கதையை முடித்துவிடுவாள். நானோ கையில் டிரையரோடு நிற்கிறவள். அது ஓடாத நேரத்தில் என் காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்த கதை.

3. ஒரு கதை, இரண்டு தீர்ப்பு

கொஞ்ச நாளில் எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டு கட்சியானார்கள். சாயக் கட்சிக்குக் கவிதா தெய்வம். அவனை நானே கதவைத் திறந்து செருப்பால் அடித்திருப்பேன் என்றார் ஒரு நர்ஸ், தட்டியது கவிதாவின் கதவு என்ற கவலை இல்லாமல். மருதாணிக் கட்சிக்குக் கதிர் தங்கம். அப்படிப்பட்டவனை மழையில் நிற்க வைத்தவளுக்கு உடம்பெல்லாம் திமிர் என்றார்கள். சாயக்காரர்கள் வார நாளில் வருவார்கள், மருதாணிக்காரர்கள் சனி ஞாயிறில். நேருக்கு நேர் மோதிக்கொள்ள வழியில்லை. நடுவில் தூது போனது நான்தான். ஒரு கட்சி சொன்னதை மறு கட்சியிடம் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்வேன். இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் ஜெசிந்தாவிடமும் ஒப்பித்தேன். முதலில் அவளும் சிரித்தாள். போகப் போகச் சிரிப்பு குறைந்தது. மருதாணிக்கு வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா, எழுதினவளுக்குக் கடைசியில் தூக்கம் வந்துவிட்டது போல, காரணமே இல்லாமல் கதவைச் சாத்துகிறாள் என்று சொல்லியிருந்தார். அதையும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன். அவளுக்கு முகம் சுண்டிப் போனது.

"அந்தக் காரணத்துக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதுனேன்கா. எத்தன தடவ திருத்தினேன் தெரியுமா? பாதிப் பேருக்கு அது கண்ணுலயே படலன்னா எனக்கு எழுதத் தெரியலன்னுதானே அர்த்தம்?"

அடுத்த நாவல் பாதியில் நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிடப் போகிறேன் என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. முடி வெட்ட வந்தால்கூட கண்ணை மூடிக்கொண்டு வசனம் முணுமுணுக்கிறவள் அவள். அதை நிறுத்தினால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? போனை ஒளித்ததெல்லாம் ஒரு காரணமா என்று மருதாணிக்காரர்கள் நினைக்கிறார்கள் போல என்றுதான் நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். விடுவதாக இருந்தால் சனிக்கிழமை வந்து இரண்டு கட்சியையும் நேரில் கேட்டுவிட்டு விடு என்று அவளைக் கெஞ்சினேன். மாலதி டீச்சர் மஞ்சள் தலையோடு வருகிற நாள் அது. டீச்சரின் தம்பி மகள் ஷாலினி, பாரிட் புந்தாரிலிருந்து மருதாணிக்கு வருகிற நாளும் அதுதான். மறுநாள் அவளுக்கு ஈப்போவில் கல்யாணம்.

4. "எந்தப் போன்?"

ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது புவனா ஷாலினிக்குக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். டீச்சர் அதுவரை ஸ்டீமருக்குள் தலையைக் கொடுத்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஸ்டீமரை நிறுத்தித் தூக்கிவிட்ட நேரம் பார்த்து, இரண்டு கையையும் விரித்து வைத்திருந்த ஷாலினி, கதிர் பாவம் என்று பெருமூச்சு விட்டாள்.

"பாவமா? போன ஒளிச்சு வச்சவனா பாவம்?" என்றார் டீச்சர்.

"எந்தப் போன் அத்த?"

"காணாம போன அக்காவோட போன்லா. மொதல்லேர்ந்தே அவன்கிட்டதான் இருக்கு. கூடவே தேடுற மாதிரி நடிச்சான் இல்ல?"

ஷாலினி திரும்பிப் புவனாவைப் பார்த்தாள். கூட வந்திருந்த ஷாலினியின் அம்மா பார்த்தார். ஜெசிந்தா பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புவனா, சுத்தமாக இருந்த மருதாணிக் கோன் முனையை டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குத் தாலி ஏறப் போற பொண்ணு கைய நீட்டி ஒக்காந்திருக்கு. அதுகிட்ட போயி, நீ நம்புறவன் இப்படி ஒளிச்சு வச்சிருக்கான்னு எப்படிலா படிக்கிறது? அபசகுனம் இல்லையா? அந்த அத்தியாயத்த மட்டும் தாண்டிருவேன்," என்றாள்.

இதுவரை எல்லாருக்கும் அப்படித்தானா என்று ஜெசிந்தா கேட்டாள். எல்லாருமே கல்யாணப் பெண்ணும் அவளோடு வந்தவர்களும்தானே, எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள் புவனா. திட்டு விழப் போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். ஜெசிந்தா ஷாம்பூ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதில் எது அழுகை, எது சிரிப்பு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளுக்கு எழுதத் தெரியும், அது மட்டும் அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு வேண்டாம் என்றார் ஷாலினியின் அம்மா. ஷாலினி கேட்கவில்லை.

"படிங்கக்கா. தாலி ஏறுன பெறகு தெரிஞ்சு என்னா செய்யிறது?"

புவனா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். இந்த முறை வாயால் சொல்லவில்லை, வரி வரியாகப் படித்தாள். நான் டிரையரைத் தொடவே இல்லை. எத்தனையோ மாதமாக என் சலூனில் இருந்த கதையை அன்றுதான் முழுசாகக் கேட்டேன், கதிரை நானே போய் அறையலாம் போல வந்தது. முடிந்ததும் ஷாலினி, நானாக இருந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு நின்றதா? ஷாலினி அம்மாவிடம் மாப்பிள்ளைக்குப் போன் போடச் சொன்னாள். கை ஈரம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் போனின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாள்.

"ஒன் பொறந்த நாள்தான். ஏன்லா?" என்றது குரல்.

தங்கமான பிள்ளை என்று அம்மா அழுதே விட்டார். டீச்சர் மஞ்சள் தலையை ஆட்டி, கேட்ட உடனே சொல்கிறான், முன்னாடியே யோசித்து வைத்த பதில் மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவுதான், சலூன் மறுபடியும் இரண்டானது. ஆனால் கட்சி மாறிவிட்டது. புவனா டீச்சர் பக்கம் போய்விட்டாள். நான் மாப்பிள்ளைக்காக வாதாடினேன். சண்டையில் ஷாலினிதான் அதிகமாகச் சிரித்தாள்.

ஜெசிந்தா அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, இதை நான் அடுத்த நாவலில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எழுதுங்கக்கா. என் பேர மட்டும் மாத்திருங்க. அவரு பேரு அப்படியே இருக்கட்டும்."

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளர் தாங்க மாட்டார் என்று நாமாக முடிவு செய்து எதையும் மறைக்காதீர்கள். சாயம் கெட்டுப் போனால் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்பி வருவார் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நாற்காலியை விட்டு எழாமல் சண்டை போடுகிறவர் கண்டிப்பாக வருவார். ஜெசிந்தாவின் இரண்டாவது நாவலும் வந்துவிட்டது. புவனா அதைக் கல்யாணப் பெண்களுக்கு ஒரு வரி விடாமல் படிக்கிறாள். பிடிக்காத இடம் வந்தால் நிறுத்தி ஜெசிந்தாவை நன்றாகத் திட்டிவிட்டு, அதே இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறாள்.