சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் குரல்

பகலில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைப்பேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒஸ்லோவில் ஒரு சிறிய மதுக்கடையில் பியானோ வாசித்து சோல் ஜாஸ் பாடுவேன். முதலில் அங்கே கோப்பை கழுவத்தான் போனேன். கடை திறக்குமுன் நான் வாசித்துப் பார்த்ததை முதலாளி கேட்டுவிட்டார். அப்படியே வருடங்கள் போய்விட்டன. பாட்டுகளுக்கு நடுவே வந்திருப்பவர்களோடு பேசமாட்டேன், கூச்சம். அதை பேஸ் கிற்றார் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். நான் வாய் திறந்தால் பாட்டு மட்டும்தான்.

கழுத்தில் தைரொயிட் கட்டி வந்தபோது, "குரல் நரம்பு பக்கத்தில்தான் போகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது" என்றார் மருத்துவர். அந்தப் "பெரும்பாலும்" ரயிலில் என் வீடு இருக்கும் புருசெத் வரை என்னோடு வந்தது.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தேன். தாதி நொர்ஸ்க் மொழியில் என் பெயரைக் கேட்டார். பதில் சொன்னால் குரல் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரிந்துவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். திரும்பவும் கேட்டுப் பார்த்தவர், போய்த் தமிழ்நாட்டுத் தாதி ஒருவரை அழைத்துவந்தார்.

"அக்கா, நார்வே பாஷை வராதா? தமிழ்ல சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வலிக்குதா?"

இல்லை என்று கையைக் காட்டினேன்.

"அப்புறம் ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க? வீட்டுக்காரர் மேல கோபமா? அவர் வெளியிலதான் நிக்கிறார். அவரும் வாயத் திறக்கல."

சிரிப்பு வந்துவிட்டது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. இனி மறைக்க முடியாது.

"எனக்கு நொர்ஸ்க் நல்லாத் தெரியும், தங்கச்சி. பயத்திலை கதைக்கேல்லை."

கரகரவென்று, வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"குரல்தான் வந்துடுச்சே, இன்னும் என்ன பயம்?"

"பாட வருமோ?"

அவர் என் போர்வையை இழுத்துவிட்டார். "அது பாடிப் பாத்தாத்தான்க்கா தெரியும்."

காயம் ஆறிய பின்பும் பல வாரம் நான் பாடிப் பார்க்கவில்லை. வீட்டில் கணவர் வானொலியைக்கூடப் போடவில்லை. கடைசியில் ஒருநாள் ஒத்திகைக்குப் போனேன். பாட்டு மேலே ஏறும் இடத்தில் வெறும் காற்றுத்தான் வந்தது. கைகள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தன. பேஸ் வாசிப்பவர் நிறுத்தி, "சுருதியை இறக்கித் தொடங்குவோம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இறக்கினோம். ஏதோ வந்தது.

இப்போது எல்லாப் பாட்டும் அந்தச் சுருதியில்தான். கரகரப்பு நன்றாக இருக்கிறது என்று வருபவர்கள் சொல்கிறார்கள். அது அடுத்த வெள்ளிக்கிழமையும் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பாடப் போகுமுன் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு சுரம் பிடித்துப் பார்ப்பேன். அது வரும்வரை கதவைத் திறப்பதில்லை.