இடக்கைப் பந்தி

ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் மலையை விட்டுக் கர்ஜத் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் ஏறி இரண்டு இரவு ஆகியிருந்தது. ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து, எதிர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவரின் தலைப்பாகையைத் தடவிவிட்டு மறு ஜன்னல் வழியே வெளியேறியது. குகை வந்தால் ஒரே கறுப்பு, குகை போனால் ஒரே வெள்ளை. நான் விழித்திருந்தேனா, விழித்திருப்பதாகக் கனவு கண்டேனா என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. 1964-ஆம் வருஷம், ஆனி மாதம். பம்பாய்ப் பக்கம் மழை பிடித்திருந்த சமயம்.

நான் சங்கரன்கோயிலில் ஜவுளிக் கடை வைத்திருப்பவன். மில் துணி பிடிக்க வருஷம் ஒரு தடவை பம்பாய் போவேன். இந்தத் தடவை கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. அக்கா மகள் கோமதிக்குத் தாராவியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சுடலைமுத்து, பெற்றவர்கள் இல்லாதவன். பட்டாளத்தில் இருந்து, சீனச் சண்டையின்போது பனியில் கை கெட்டுத் திரும்பியவன். இப்போது செம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்க்கிறான். தரகர், 'வலது கையில் சிறு ஊனம்' என்று எழுதியிருந்தாரே தவிர போட்டோ அனுப்பவில்லை. சிறு ஊனம் என்றால் எவ்வளவு சிறிது? ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. அதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"கையைப் பாத்துட்டு வா. மத்ததெல்லாம் பொறவு" என்று சொல்லித்தான் அக்கா என்னை ரயிலேற்றினாள்.

ஒரு ஆண்பிள்ளையிடம் போய் "கையைக் காட்டு" என்று எப்படிக் கேட்பது? தாய்மாமன் மூளை லேசுப்பட்டதல்ல. அவன் ஞாயிறுதோறும் சாப்பிடும் மெஸ்ஸின் பெயரைத் தரகரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் உட்கார்ந்தால் தீர்ந்தது. பந்தியில் யாராலும் கையை ஒளிக்க முடியாது.

காலை எட்டரைக்குத் தாதரில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் டீ பதினைந்து பைசா, அதில் மழைத்தண்ணீர் இலவசம். அங்கிருந்து தாராவி இரண்டு மைல். பஸ் கண்டக்டர் "கிதர்?" என்று கேட்டார். "தாராவி" என்றேன். "மதராஸி?" என்று சிரித்தபடி டிக்கெட்டைக் கிழித்தார். பஸ் தண்ணீரில் படகு மாதிரி போயிற்று. தகரக் கூரைகளும் குயவர்களின் சூளைப் புகையும் மழைத்திரைக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்தன. ஒரு சந்தில் யாரோ நம்மூர் ராகத்தில் பிள்ளையை வைதார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் வந்தும் ஊரை விட்டு வந்த மாதிரியே தெரியவில்லை.

பகல் பன்னிரண்டரைக்கு மெஸ்ஸுக்குப் போனேன். மரப்படி ஏறினால் தாழ்ந்த கூரை. வெளியே தோல் மண்டி வாடை, உள்ளே ரசத்தின் வாசனை. சாப்பாடு எழுபத்தைந்து பைசா. தரையில் உட்கார்ந்து இலை விரித்ததும் எதிர் வரிசையை நோட்டம் விட்டேன். ஐந்து பேர். முதல் ஆள் இடக்கையால் சோற்றைப் பிசைந்தார். 'இவன்தான்' என்று நினைத்தேன். இரண்டாவது ஆளும் இடக்கை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாமே இடக்கை. சாம்பார் முகவாயில் வழிகிறது, பருக்கை மடியில் சிந்துகிறது, ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பந்தியில் ஒருவன் இடக்கையை இலையில் வைத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பக்கத்து இலைக்காரன் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும். "இதென்ன தம்பி கூத்து?" என்று அவனிடம் கேட்டேன்.

"பட்டாளத்துக்காரன் ஒருத்தன் இங்க சாப்பிடுதான் அண்ணாச்சி. அவனுக்குச் சோத்துக்கை போயிட்டு. வந்த புதுசுல ஒரு பெரியவர், பீச்சக்கையால திங்கவன் பக்கத்துல நான் எப்பிடி உக்காருவேன்னு எந்திச்சிட்டாரு. அடுத்த வாரத்துலேருந்து இவனுவ இப்படித்தான். ஞாயித்துக்கிழமை மட்டும். மத்த நாள் வேலைக்குப் போற அவசரம்."

"நல்ல மரியாதைதான்" என்றேன்.

"மரியாததான். ஆனா பாதிச் சோறு தரையிலல்லா கெடக்கு. காலி பீலி, சும்மா வீணாக்காதீங்கலேன்னு அவனும் சொல்லிப் பாத்துட்டான். கேக்க மாட்டேங்கானுவ."

"அந்த வரிசையில அவன் யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றான். "நீங்க சங்கரன்கோயில்தான?"

உருட்டிய கவளம் இலையிலேயே நின்றுவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஊரத் தரகர் சொல்லியிருந்தாரு. பொண்ணு வீட்டுக்காரவ எல்லாரும் சொல்லாமத்தான் வருவாவ. இங்கதான் உக்காருவாவ. சாப்பாட்டுல கைய நல்லாப் பாக்கலாம்லா."

மடியிலிருந்த வலது கையை எடுத்து இலையோரம் வைத்தான். கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நான்கும் அடியோடு இல்லை.

"பாத்துக்கிடுங்க. வெக்கப்பட வேண்டாம்."

வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. அவன் இடக்கையால், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு முடித்தான்.

மூன்று மணிக்கு, மாட்டுங்காவில் காபி நன்றாக இருக்கும் என்று கூட்டிப் போனான். கிங்ஸ் சர்க்கிள் வரை ஒன்றரை மைல் இருக்கலாம், ஒரே குடையில் நடந்தே போனோம். கையைப் பார்த்துவரச் சொல்லி அக்கா அனுப்பியதை வழியிலேயே சொல்லிவிட்டேன். மழை பெய்வதும் தெரியவில்லை, நிற்பதும் தெரியவில்லை. சாலையோர மரங்கள் பச்சைப் புகை மாதிரி நின்றன. பனி எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"மொதல்ல சுடும். பொறவு ஒண்ணும் தெரியாது, தூக்கம் வரும். தூங்கிராதலேன்னு பக்கத்துல இருந்தவன் என்ன மிதிச்சுக்கிட்டே கெடந்தான். கடைசில அவன்தான் தூங்கிட்டான்."

அதற்குள் கிங்ஸ் சர்க்கிள் வந்துவிட்டது.

காபிக் கடை முதலாளி அவனிடம் காசு வாங்க மறுத்தார். அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். பூக்கடைகளைத் தாண்டும்போது சொன்னான்: "இதுவரைக்கும் மூணு எடத்துலேருந்து வந்தாவ. தேசம், தியாகம்னு பேசி மாலை போட்டாவ. பொண்ணு குடுக்கல. அத நான் தப்புன்னு சொல்லல. ஆனா தேசத்துக்காகப் பொண்ணு தாறதா இருந்தா எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுல ஒருத்தி தெனமும் மரியாத குடுத்துக்கிட்டே இருந்தா நான் எப்பிடி இருக்க? என்னத் திட்டவும் ஆளு வேணும்லா."

திங்களன்று துணி பிடித்து, மூட்டைகளை புக் செய்துவிட்டு, இரவு மெயிலுக்குத் தாதர் வந்தேன். வேலை முடிந்து செம்பூரிலிருந்து நேராக வந்திருந்தான். வண்டி நகரப்போகும் நேரத்தில் ஜன்னல் கம்பியருகே வந்து, "உங்கக்கா கைய பாக்கச் சொன்னாவ. பொண்ணு எதப் பாக்கச் சொல்லிச்சு?" என்று கேட்டான்.

"அவளை யாரும் கேக்கல தம்பி" என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்பம் கேட்டுட்டு எழுதுங்க."

முலுண்ட் ஸ்டேஷன் விளக்குகள் ஈரத்தில் கரைந்து பின்னால் போயின. எனக்குத் தூக்கம் வரவில்லை. சண்டை நடந்தபோது எங்கள் ஊரில் ஊர்வலம் போனோம். யுத்த நிதிக்கு அக்கா தன் கையில் கிடந்த இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அன்று அழுதுகொண்டேதான் கொடுத்தாள், அதில் பொய்யில்லை. தாராவியில் ஐந்து பேர் வாரா வாரம் சட்டையில் சாம்பாரைக் கொட்டிக்கொள்கிறார்கள். அந்த ராத்திரியில் எனக்கு அந்தச் சட்டைகள்தான் பெரிதாகத் தெரிந்தன.

ஊர் வந்து சேர்ந்த அன்று, உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான்கு விரல் இல்லை என்றதும் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதி அடுப்படி நிலையில் சாய்ந்து, ரயிலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டாள். என்னைத் திட்டவும் ஆள் வேண்டும் என்று அவன் சொன்ன இடத்தில் குனிந்து சிரித்தாள். மாட்டுங்காவுக்கு மழையில் ஒரே குடையில் நடந்தோம் என்றபோது நிமிர்ந்தாள்.

"குடைய யாரு பிடிச்சா மாமா?"

"அவன்தான்."

"எந்தக் கையில?"

கையைப் பார்ப்பதற்கென்றே ஆயிரம் மைலுக்கு மேல் போனவன் நான். கண்ணை மூடி யோசித்தேன். மரங்கள் வந்தன, ஈரச் சாலை வந்தது, அவன் பேச்சு வந்தது. கை மட்டும் ஞாபகம் வரவில்லை.

"கவனிக்கல தாயி" என்றேன்.

"அப்பம் சரி மாமா, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.