யாருக்கு எந்த நிரை என்று கேட்டவர்

ஓராண்டு கடந்தும் அம்மாவை "இருந்தார்" என்று எழுதக் கை வரவில்லை. இந்த நினைவு மலரில் என் எழுத்தில் குறையிருந்தால் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அம்மா பூனாகலையில் பிறந்து, ஸ்பிரிங்வெளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா இளவயதிலேயே தவறிவிட, தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தே எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் முதல் பெண் கங்காணியானார். அவருக்குக் கீழே நாற்பது பெண்கள். பாதிப்பேர் அவருக்கு மூத்தவர்கள்; மீதிப்பேர் அப்போதுதான் பள்ளியை விட்டு வந்தவர்கள்.

காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் பெயர் கொடுத்ததும், யார் எந்தத் தேயிலை நிரையில் கொழுந்தெடுப்பது என்று கங்காணிதான் பிரித்துவிட வேண்டும். அம்மா மூத்தவர்களுக்கு ரோட்டோர நிரைகளையும் இளையவர்களுக்குப் பள்ளத்து நிரைகளையும் கொடுத்தார். அதுதான் வயதுக்கு மரியாதை என்று நினைத்தார்.

"எப்பவும் எங்களுக்கு மட்டும் பள்ளமா கங்காணியம்மா?" என்று இளையவர்கள் பொருமினார்கள். ஒருநாள் பத்துப் பேர் வேலைக்கு வராமலே நின்றுவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் சரிவராவிட்டால் வேறு கங்காணியைப் போடுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தவர்களைப் பள்ளத்தில் இறங்கச் சொல்ல எந்த வாயால் முடியும்?

மறுநாள் மலையில், எல்லோரிலும் மூத்தவரான மாரியாயி அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அட, நாங்க எறங்குறோம்டி. ரோட்டோரம் பூரா லொறிப் புழுதி, கொழுந்தும் கொறைவு. கெழவிங்கன்னு எங்கள ஒதுக்கிட்டேன்னு நெனைச்சோம். ஒன் மனசு நோகுமேன்னுதான் பேசல."

"இத்தன நாளா ஏங்க்கா சொல்லல?"

"நீ கேட்டியா?"

இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்த அம்மா, கடைசியில் அழுதுவிட்டார். அடுத்த நாளிலிருந்து "யாருக்கு எந்த நெரை வேணும்?" என்று பெரட்டிலேயே கேட்டுத்தான் பிரித்தார். ஒரே சந்தைக்கடைச் சத்தம், நேரமும் போனது. ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் நாலைந்து பேர்தான் ரோட்டோரம் கேட்டார்கள். பள்ளமென்றாலும் தாங்களே கேட்டு வாங்கியது என்று நின்றுபோன பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். ஓய்வு பெறும்வரை அம்மாவே கங்காணி.

இத்தனையும் பார்த்து வளர்ந்த நான், ஊருக்கெல்லாம் பாடம் சொல்லும் ஆசிரியை, என்ன செய்தேன்? அம்மா நோயில் விழுந்ததும் பதுளையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நல்ல அறையைக் கொடுத்தேன். அலுப்பாக இருக்குமென்று, பார்க்க வந்தவர்களையும் வாசலோடு அனுப்பினேன். அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

"என்னம்மா கொறை ஒங்களுக்கு?"

"கொறை ஒண்ணுமில்ல. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

எங்கே இருக்க ஆசை என்று தலைகுனிந்து கேட்டேன். அன்று பின்னேரமே தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு அழைத்துப் போனேன்.

கடைசி இரண்டு மாதமும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, முறைவைத்து அருகிலிருந்தவர்கள் தடியூன்றி வந்த மாரியாயி அக்காவும், அன்று வேலைக்கு வராமல் நின்ற அந்தப் பத்துப் பேரும்தான். அவர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலருக்கு நான் எடுத்து வைத்தது அம்மா பட்டுச்சேலை கட்டிய படம். அம்மாவோடு கொழுந்தெடுத்த அந்தப் பெண்களைக் கேட்டேன். மழைக்கான கொங்காணியைத் தலையில் போட்டு, மலையில் நிற்கும் படத்தைத்தான் எல்லோரும் காட்டினார்கள். அதையே போட்டிருக்கிறோம். அம்மாவைக் கேட்கத்தான் வழியில்லை.