மொத்தத்தைச் சொன்ன வெல்டா கிரைடர்

வெல்டா கிரைடரின் ஆள்காட்டி விரலைப் பற்றி எங்கள் ஹாலிஸ்டனில் யாரைக் கேட்டாலும் ஒரு கருத்து வைத்திருப்பார்கள். அதை ஒடித்துப் போட வேண்டும் என்றவர்களும் உண்டு. நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை நானும் அப்படி நினைத்தேன். அன்று அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

நாங்கள் இருவரும் ராய்ஸ் டெலாப்பின் கார் விற்பனைக் கடையில் வேலை பார்த்தோம். நான் ஆட்களை வண்டியில் உட்கார வைப்பேன், வெல்டா கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கடன் மேசை அவருடையது. எங்கள் பிழைப்பே நான்கு கட்டம் போட்ட ஒரு தாள்தான். புது வண்டி என்ன விலை, பழைய வண்டிக்கு என்ன தருவோம், கையிலிருந்து எவ்வளவு கட்டுவீர்கள், மாதம் எவ்வளவு. வருகிறவரின் கண்ணை அந்தக் கடைசிக் கட்டத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் சாமர்த்தியம். மாதத் தொகை கனக்கிறது என்றால் ஐந்து வருடத்தை ஏழாக்கு. தொகை இளைக்கும், முகம் மலரும், வட்டி எங்கே போய் நிற்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வெல்டா மட்டும் சிவப்புப் பேனாவை எடுத்து, தாளில் இல்லாத ஐந்தாவது கட்டம் ஒன்றைப் போடுவார். அதில் மொத்தத்தை எழுதுவார்.

எண்ணுவது அவருக்குக் கல்யாணமான புதிதில் வந்த பழக்கம். கணவர் கேல் மண் தடத்தில் பந்தயக் கார் ஓட்டியவர். அப்போது சுற்றுகளை எண்ண யந்திரம் கிடையாது. ஓட்டுகிறவர்களின் மனைவிமார்தான் பென்சிலும் தாளுமாக மேடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு காரை எண்ணுவார்கள். ஒரு கோடையில் முப்பது சுற்றுப் பந்தயம் முடிந்ததும் ஜெயித்துவிட்டதாக நினைத்து கேல் வண்டி மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்க, வெல்டா எழுந்து நின்று, "இருபத்தொன்பதுதான் ஆச்சு" என்றார். கோப்பை அடுத்தவனுக்குப் போனது. கேல் இரண்டு ராத்திரி லாரியில் படுத்தார். மூன்றாம் நாள் பசித்ததும் வீட்டுக்குள் வந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மே மாதம் இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தன்று வெல்டா இன்னும் வானொலிப் பக்கத்தில் பென்சிலோடுதான் உட்காருகிறார்.

அந்தக் கையை நம்பித்தான் பள்ளிக்கூடத்து ஜிம்மில் கூடைப்பந்து கடிகாரத்தையும் அவரிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊர் ஜனத்தொகையைவிட அந்த ஜிம்மில் இருக்கைகள் அதிகம். ஸ்கோர் நோட்டு எழுதுவது என் வேலை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஜோலின் மாப்பின் என்ற பெண் கடைக்கு வந்தாள். கோழிப் பண்ணையில் ஷிப்டு வேலை, பழைய வண்டி பாதி வழியில் நின்று போயிருந்தது. மாதம் முந்நூற்று எண்பத்தொன்பது டாலர் என்று நான் ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். வெல்டா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஜோலின், ஏழு வருஷம்னா எண்பத்தி நாலு மாசம். முப்பத்திரெண்டாயிரத்து அறுநூத்தி எழுபத்தாறு கட்டுவ. கைக்காசு ஆயிரம் தனி. வண்டி விலை இருபத்தோராயிரத்து நானூறுதான்."

ஜோலின் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். கைப்பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவளோடு என் கமிஷனும் போனது. பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த ராய்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கிழமை என் ரூமுக்கு வா வெல்டா. உன் வேலையப் பத்திப் பேசணும்."

சனிக்கிழமை வட்டாரத் தொடரின் இறுதி ஆட்டம். எங்கள் அணியில் ஆடிய ராய்ஸின் மகன் கெண்டலுக்குப் பள்ளியில் கடைசி வருடம். எங்கள் ஊர் வலையை வெட்டிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. ஜெயித்தவர்கள் ஏணி போட்டுக் கூடை வலையைக் கத்தரிப்பது வழக்கம். அந்த ஏணியைச் சுவரோரம் முன்கூட்டியே சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். மீதி ஒன்று புள்ளி மூன்று விநாடி. பந்து எதிரணியிடம். களத்துக்குள் ஒருவன் கை பந்தில் பட்ட கணம் வெல்டா கடிகாரத்தை ஓட விட வேண்டும். கண்ணிமைக்கும் நேரம் முந்திக்கொண்டால், அவர்கள் எறிவதற்குள் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்துவிடும், அதன்பின் எறிந்தது கணக்கில் சேராது. ஒருவருக்கும் தெரியாது.

ஆட்டத்தைச் சற்று நிறுத்தியிருந்த அந்த இடைவெளியில் ராய்ஸ் படியிறங்கி வந்து எங்கள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"வெல்டா, விரல் சுறுசுறுப்பா இருக்கட்டும். திங்கக்கிழமை நாம பேசவேண்டிய அவசியமே இருக்காது."

வெல்டா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ராய்ஸ், நீ மறைக்கிற. ஆட்டம் தெரியல" என்றார்.

ராய்ஸ் நகர்ந்தார். நான் குனிந்து கிசுகிசுத்தேன். "ஒரு பொட்டு முந்தி அமுக்குங்க வெல்டா. ஊரே சந்தோஷப்படும். உங்க வேலையும் பிழைக்கும்."

"நீ உன் நோட்டப் பாரு டாரெல்."

ஜிம் முழுதும் எழுந்து நின்று மரப்படிகளை மிதித்தது. மேசை அதிர்ந்தது. நான் களத்தைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்தேன். விசையின் மேல், தொடாமல், அப்படியே நின்றது. பந்து ஒரு கோடியிலிருந்து பறந்து வந்தது. விரல் அசையவில்லை. அமுக்கித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். ஒரு நெட்டைப் பையன் எகிறிப் பந்தைத் தொட்டான், விரல் இறங்கியது. அவன் திரும்பி எறிந்தான். பந்து கையை விட்ட பிறகுதான் விளக்கு எரிந்தது, சங்கு அலறியது. பந்து வளையத்தில் ஒரு தடவை துள்ளி உள்ளே விழுந்தது.

எங்கள் ஏணியில் எதிரூர்ப் பையன்கள் ஏறினார்கள். கெண்டல் தரையில் உட்கார்ந்து சட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். வெல்டா கடிகாரத்தை அணைத்து, உறை போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தார். ஒருவர்கூட வழி விடவில்லை.

திங்கட்கிழமை ராய்ஸின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பூரா வீடியோவப் போட்டுப் பாத்தேன். நாப்பது தடவ. நீ சரியாத்தான் அமுக்கியிருக்க."

"தெரியும்."

"தினமும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது வெல்டா. உன்ன வேலையவிட்டு நிறுத்தினதுக்குக் காரணம் ஜோலின் விஷயம்னே எழுதிக்கிறேன்."

"எத வேணும்னாலும் எழுதிக்கோ."

சிவப்புப் பேனாவையும் கேலின் படத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனார். நான் ஏதோ விலைப்பட்டியலைத் தேடுகிறவனைப் போலக் குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஏப்ரல் நடுவில் கெண்டல் கடைக்கு வந்தான். பள்ளி முடிந்ததும் சேர, பந்தயக் கார் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது, போய்வர வண்டி வேண்டும். ராய்ஸ் பெருமையாக, "என் புள்ளையா இருந்தாலும் ஊர்ல எல்லாரையும் மாதிரி கடன் வாங்கித்தான் கட்டணும். அவனுக்கும் தாளப் போடு டாரெல்" என்றார். நானும் போட்டேன். பன்னிரண்டாயிரம் டாலர் வண்டி, மாதம் இருநூற்று அறுபத்தெட்டு, அறுபது மாதம். பையன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "ஒரு மணி நேரத்துல வரேன்" என்று போனான்.

சொன்னபடி வந்தான். நேரே அப்பாவின் அறைக்குள் போய்த் தாளை விரித்தான். என் கட்டங்களுக்குக் கீழே சிவப்பில் ஒரு கட்டம் இருந்தது.

"பதினாறாயிரத்து எண்பது. இத நீங்க சொல்லவே இல்லையேப்பா."

"நீ கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்வீங்களா?"

ராய்ஸ் அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "வெல்டாகிட்டயா போன? அன்னிக்கு அவ மட்டும் கொஞ்சம் முந்தி அமுக்கியிருந்தா நீ வலையக் கத்தரிச்சிருப்படா!"

"அதனாலதாம்ப்பா போனேன்."

அவன் சாவியை எடுக்காமலே வெளியே போய்விட்டான். ராய்ஸ் தாளை மறுபடி மடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"வெல்டா நம்பர் உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. வெல்டா போன ஆறு வாரமும் என் போனில்தான் இருந்தது. நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.