மூன்று வருஷ மூச்சு

மகள் மேலே படிக்க வேண்டுமென்றால் அவள் அம்மாவின் மூச்சு மூன்று வருஷம் தாங்க வேண்டும். எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். மண்டபம் முகாமிலிருந்து எங்களை நடுவட்டம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி. கல் சுவர், ஓட்டுக் கூரை. அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் இரண்டு பேர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். என் பேர் ஒன்று. என் வீட்டுக்காரி பேர் ஒன்று. ஒரு பேர் விழுந்தால் அதே வீட்டிலிருந்து வேறு ஆள் பேர் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வீட்டை விட்டுத் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும்.

கெட்ட எண்ணத்தில் வைத்த சட்டம் இல்லை. கப்பல் வந்துகொண்டே இருந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வீடு போதவில்லை.

தகரக் கொட்டகை பள்ளத்தில் இருந்தது. குடும்பத்துக்குக் குடும்பம் சாக்குதான் தடுப்பு. காலையில் தகரத்தின் உள்பக்கம் தண்ணீர் சொட்டும். வீட்டுக்காரிக்கு மூச்சிழுப்பு. சிலோனில் லேசாக இருந்தது. இந்த மலைக்கு வந்து கூடிவிட்டது. கொட்டகையில் அவள் ஒரு பனிக்காலம் தாங்க மாட்டாள். வேலைக்குப் போனால் மூச்சு முட்டும். போகாவிட்டால் வீடு போகும். வீடு போனால் மூச்சும் போகும். இப்படித்தான் இருந்தது எங்கள் நிலை.

மகள் ஒரே பிள்ளை. ஊட்டியில் விடுதியில் தங்கிக் கணக்குப் பாடத்தில் பி.எஸ்ஸி. முடித்தாள். எங்கள் லயத்தில் அவள்தான் முதல். நான் மூன்றாவது வரை படித்தவன். அவள் அம்மாவுக்கு அதுவும் இல்லை.

முடித்து வந்த அன்று சாப்பிடும்போது சொன்னாள். இன்னும் படிக்க வேண்டும் என்றாள்.

"அதுக்கு மேல ஆகாசந்தான புள்ள இருக்கு?" என்றாள் அம்மா.

"எம்.சி.ஏ.ன்னு ஒண்ணு வந்திருக்கும்மா. கம்ப்யூட்டர் படிப்பு. கோயமுத்தூர்ல இருக்கு. மூணு வருஷம்."

"அதுல என்னா படிப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"அம்மா எடுக்குற கொழுந்த மலையில கணக்கப்பிள்ள நிறுத்து எழுதுறாரு. அதையே ஃபேக்டரியில ஒருத்தர் எழுதுறாரு. ஆபீஸ்ல இன்னொருத்தர் எழுதுறாரு. மூணும் ஒத்து வர்றதே இல்ல. சம்பளத்தன்னைக்குச் சண்ட. மலையில ஒருக்கா எழுதினா எல்லா எடத்துக்கும் அதுவே போயிச் சேரணும். அப்புடி ஒரு ஏற்பாட்ட எப்புடிக் கட்டுறதுன்னுதான் படிப்பு. இன்ஃபர்மேஷன் சிஸ்டம்னு சொல்லுவாங்க."

அம்மா ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

"அப்ப கணக்கப்பிள்ள கிலோவ அமுக்க ஏலாதா?"

"கஷ்டந்தான்."

"அப்ப நீ கட்டாயம் படிக்கணும்."

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் அப்படிச் சேர்ந்து சிரித்ததாக நினைவில்லை.

திட்டத்தை மகள்தான் போட்டாள். முதலில் நுழைவுத் தேர்வு. ஆவணியில் சேர வேண்டும். தாயகம் திரும்பியவர் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு, அதில் செலவு அடங்கிவிடும். இரண்டு வருஷம் பாடம். கடைசி வருஷம் ஒரு கம்பெனியில் போய்ச் செய்து பழக வேண்டும். அங்கேயே வேலை கிடைக்கலாம். கிடைத்தால் கீழே ஒரு வீடு எடுத்து எங்களைக் கூட்டிப்போவாள். கீழே வெயில். வெயிலில் இழுப்பு நிற்கும்.

திட்டத்தில் ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அம்மாவே சொன்னாள்.

"மூணு வருஷந்தான? நான் பேரக் காப்பாத்திக் குடுக்குறேன். நீ போ."

"உனக்கு ஏலாதும்மா."

"ஏலும், ஏலாதுங்குறத நான் சொல்லணும்."

எனக்குக் கான் வெட்டு வேலை. மலையில் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை வெட்டி ஒழுங்கு செய்வது. கொடுத்த அளவை வெட்டிவிட்டால் மத்தியானத்தோடு விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அவள் நிரைக்கு, அவளுக்கு ஒதுக்கிய செடி வரிசைக்குப் போய் அவள் கூடையில் கொழுந்து எடுத்துப் போடுவேன் என்றேன். சொன்ன எடை வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் கூலிதான் போடுவார்கள். அரைப்பேர் அடிக்கடி விழுந்தால் பேரையே எடுத்துவிடுவார்கள். அதனால் அது முக்கியம்.

மண்வெட்டி பிடித்த கை கொழுந்துக்கு வளையாது. முதல் நாளே பக்கத்து நிரைக்காரி பிடித்துக்கொண்டாள்.

"என்னா மாமா, கொழுந்து கிள்ளுறீங்களா, கெழங்கு புடுங்குறீங்களா?"

"கிள்ளுறேன்."

"செடி அழுவுது மாமா, கேக்கலயா?"

"நீ உன் நெரையப் பாருடி. அந்தச் செடியப் பாக்க ஆள் இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

கங்காணி எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர். ஆம்பிளை வந்து கூடையை நிரப்பக் கூடாது. பார்த்தால் அவர் ஆபீஸில் சொல்ல வேண்டும்.

"நான் ஒண்ணும் பாக்கல அண்ணே. வெத்தல போடப் போறேன்" என்று மேட்டுக்குப் போய்விடுவார். அவர் வெற்றிலை போட ஒரு மணி நேரம் ஆகும்.

நுழைவுத் தேர்வுக்கு மகளோடு நான் கோயமுத்தூர் போனேன். எழுதி முடித்த பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே பீரோ மாதிரி பெட்டிகள். மகள் ஒரு பெட்டிக்கு முன்னால் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் வெளியே வந்த பிறகும் அவள் வரவில்லை. வந்தபோது கை ஜில்லென்று இருந்தது.

அன்று ராத்திரி அதை வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"அந்த மிஷினுக்கு நம்ம ஊரு குளிரு வேணுமா?" என்றாள்.

"ஆமா. இல்லாட்டி கெட்டுப் போயிருமாம்."

"அப்ப அத இங்கனயே கொண்டாந்து வச்சா என்னா? புள்ள ஊட்டுல இருந்தே படிக்கும்." அப்புறம், "கம்பளியக் குடுத்து விடணும்" என்றாள்.

இடம் கிடைத்தது. கார்டு வந்தது. கப்பலில் வந்த தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள் வீட்டுக்காரி. அதற்குப் பிறகு வெயில் இல்லை. ஆடி மழை பிடித்துக்கொண்டது.

நடுவட்டத்து ஆடி மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அது மேலேயிருந்து பெய்யாது, பக்கவாட்டில் அடிக்கும். ஆனால் அப்போதுதான் கொழுந்து கொட்டும். யாரும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நனைந்தபடி எடுப்பார்கள். வீட்டுக்காரியும் எடுத்தாள். ராத்திரியில் உட்கார்ந்தே தூங்கினாள். படுத்தால் மூச்சு அடைத்தது. மகள் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது வீட்டுக்காரி நிரைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கூடைக் கயிறு நெற்றியிலேயே இருந்தது. இளைப்பாறுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனால் உதடு நீலமாக இருந்தது. கொழுந்து லாரியில் மூட்டைகள் மேல் அவளைப் படுக்க வைத்தோம். கங்காணி லாரியைத் தட்டி "போ, போ" என்றார். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். பேச்சு வரவில்லை. கூடையைக் காட்டினாள்.

"என்னா சொல்லுது?" என்றார் கங்காணி.

"கூடைய நிறுக்கச் சொல்லுது" என்றேன்.

நிறுத்தார்கள். முழுப்பேர் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினாள்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். டாக்டர் சின்ன வயசு. நல்ல மனுஷன்.

"இனிமேல் தோட்ட வேலைக்குப் போகக் கூடாதுங்கம்மா. மழையில நனையவே கூடாது."

"மூணு வருஷம் மட்டும் போதும் சார்" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. உயிருக்குக் கேட்கிறாள் என்று நினைத்தார். "என்னங்கம்மா மூணு வருஷம்? ஊட்டுல சூடா பத்திரமா இருந்தீங்கன்னா முப்பது வருஷம் இருப்பீங்க" என்று சிரித்தார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நல்ல செய்தியைக் கேட்டு இப்படிச் செய்கிறாளே என்று அவர் என்னைப் பார்த்தார்.

தோட்டத்து ஆபீஸில் இருந்த கிளார்க் கோயமுத்தூர்க்காரர். அவரும் நல்லவர்தான்.

"ஏனுங்க, நான் என்ன பண்ணட்டுங்க? டாக்டரே வேண்டாம்னு எழுதிட்டாரு. அம்மிணி பேரை எடுத்துத்தான் ஆகோணும். உங்க ஊட்டுல புள்ள இருக்குதல்லங்க, அது பேரைப் போட்டுருங்க. மாசம் முடியறதுக்குள்ள போட்டுருங்க. இல்லீன்னா ஊடு கைய விட்டுப் போயிருமுங்க."

"புள்ள படிக்கப் போவுதுங்க."

"படிக்கட்டுங்க. ஊட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

வெளியே வந்தேன். ஆபீஸ் வராந்தாவில் புதிதாக வந்த ஒரு குடும்பம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. புருஷன், பெண்சாதி, மூன்று சின்னப் பிள்ளைகள். அவன் என்னைப் பார்த்து எழுந்தான்.

"அண்ணே, நீங்க அங்க எந்தப் பக்கம்?"

"பதுளைப் பக்கம்."

"நாங்களும் அந்தப் பக்கந்தான்! நேத்துதான் வந்தோம். கொட்டகையில எடமில்லயாம். ஏதோ ஒரு ஊடு காலியாகப் போவுதுன்னாங்க. எதுன்னு தெரியுமா அண்ணே?"

"தெரியல" என்றேன். அவன் எனக்குக் கும்பிடு போட்டான்.

வீட்டில் மகளிடம் சொன்னேன். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து மெதுவாகத்தான் சொன்னேன்.

"நீ கெளம்பு. நாங்க கொட்டகையில இருந்துக்குறோம்."

"எத்தன நாளைக்குப்பா?"

நான் மண்வெட்டியை எடுத்து ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன்.

"என்னயக் கொட்டகையில போடுங்க" என்றது படுக்கையிலிருந்து குரல். "நான் கேக்குறேன், போடுங்க. அவ போவட்டும்."

"அடுத்த வருஷம் போறேம்மா" என்றாள் மகள்.

அடுத்த வருஷமும் இரண்டு பேர் வேண்டும். அதற்கடுத்த வருஷமும் வேண்டும். மூன்று பேருக்கும் அது தெரியும்.

மறுநாள் அவளே ஆபீஸுக்குப் போய்ப் பேர் கொடுத்தாள். வராந்தாவில் இருந்த குடும்பத்துக்குக் கொட்டகையில் எப்படியோ இடம் பண்ணிக் கொடுத்தார்கள். அந்த மனுஷன் வழியில் கண்டால் "அண்ணே" என்பான். நான் அவன் வருகிற வழியில் போவதை விட்டேன்.

வேலைக்குப் போக வேண்டிய முதல் நாள். இருட்டிலேயே கொம்பு ஊதிவிட்டது. மகளுக்குப் படங்கு கட்டத் தெரியவில்லை. அவள் அதுவரை கட்டியதே இல்லை. நாங்கள் கட்ட விட்டதில்லை. நான் கட்டினேன். நழுவியது. திரும்பக் கட்டினேன்.

வீட்டுக்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தப் பக்கமே பார்த்தபடி, "அப்புடிக் கட்டுனா தண்ணி உள்ள எறங்கும்" என்றாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். நான் போட்ட முடிச்சை அவிழ்த்தாள். சாக்கை இரண்டாக மடித்து மகள் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. மகள் அவள் தலையைத் தொட்டுவிட்டு வெளியே போனாள்.

மத்தியானம் நான் மகள் நிரைக்குப் போனேன். விரல் நுனியெல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. அவளும் என்னைப் போலத்தான் எடுத்தாள், பிடுங்கிப் பிடுங்கி. பக்கத்து நிரைக்காரி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது கேலி பேசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. டாக்டர் சொன்னது பலித்தது. வேலை இல்லை, நனைவதில்லை, அடுப்புச் சூடு. இழுப்பு மட்டுப்பட்டது. தகரப் பெட்டியில் அரிசி போட்டு வைத்தோம்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரி அடுப்பு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று சொன்னாள்.

"இந்த மாசத்தோட படிச்சு முடிச்சிருப்பா."

"யாரு?"

"யாராம்?" என்று என்னைப் பார்த்தாள். அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "மூணு வருஷம் தாங்கிருச்சு பாத்தீங்களா."

மகள் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈரப் படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பில் கையைக் காட்டினாள்.

"தேத்தண்ணி ஊத்தும்மா" என்றாள்.