சுரையா பூஜையில் வைத்த வரைபடங்கள்

உத்திரமேரூர் பஜாரில் லுக்மான் பாயின் பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. அதில் தன் தங்கை சுரையா வந்து உட்காருவாள் என்று அவர் பல வருடம் காத்திருந்தார். போன மாதம் அவள் இறந்து, ஜனாஸா ஊர்வலம் அந்த வழியாகத்தான் போனது. கடை சாத்தியிருந்தது. உள்ளே அந்த நாற்காலி அப்போதும் காலியாகத்தான் இருந்திருக்கும்.

ஒரே ஒரு முறை அது அவளைப் பிடிக்கப் பார்த்தது, 2005-இல்.

ஊருக்கு வெளியே பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கும் சுரையாவுக்கும் அடுத்தடுத்த மேசை. கம்பெனியின் வரைபடங்கள் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால், நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் தன் பெயரில் எடுத்து, திருத்தி, திருப்பி வைக்க வேண்டும். அதுவரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. இதையெல்லாம் கவனிக்கும் மென்பொருளுக்கு சுரையா பொறுப்பு.

அந்த மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவள் சேருவதற்கு முன்பு ஒருமுறை மாற்றியபோது சில திருத்தங்கள் காணாமல் போய், பழைய அளவிலேயே ஒரு லோடு மூடிகளை வார்த்துத் தள்ளிவிட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் கேன்டீன் கதவுக்கு முட்டு. மேனேஜர் வேதாசலம் கறாராகச் சொன்னார்: மறுபடியும் சொதப்பினால் இந்த ஏற்பாடே வேண்டாம், அவரவர் வரைபடத்தை அவரவரே வைத்துக்கொள்ளட்டும். ஏற்பாடு போனால் சுரையாவின் வேலையும் போகும். சேதி எட்டியதும் லுக்மான் பாய் நாற்காலிக்கு மெத்தை தைக்கக் கொடுத்தார்.

சுரையா திட்டம் போடும் விதம் எதிரில் இருப்பவரைப் பைத்தியமாக்கும். நான் எதைச் சொன்னாலும், "புட்டுக்கினா?" என்பாள்; அது சொதப்பினால் என்ன செய்வாய் என்று அர்த்தம். புதுப் பதிப்பைப் பழைய சர்வரிலேயே ஏற்றலாம் என்றேன். புட்டுக்கினா? ஆகவே தனியாக ஒரு புது சர்வர் வந்தது. பேக்கப்தான் இருக்கிறதே என்றேன். அதுவும் புட்டுக்கினா? ஆகவே பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்து, ஒவ்வொரு வகை வரைபடமும் திறக்கிறதா என்று பார்த்தோம். பத்திரமாக ஒரு முழு ஒத்திகையும் நடத்தினாள்.

மிச்சம் இருந்தது மனிதர்கள். வரைபடங்கள் புதியதற்கு நகலாகிக்கொண்டிருக்கும்போது யாரோ பழையதில் திருத்திக்கொண்டே இருந்ததுதான் முந்தைய விபத்துக்குக் காரணம் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். ஆகவே முதலில் எல்லோரும் எல்லாவற்றையும் திருப்பி வைக்க வேண்டும். தலைமை டிசைனர் ராஜாராம் சாரோ, பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல, பாதி வரைபடங்களைத் தன் பெயரில் போட்டு வைத்திருப்பவர். மெயில் போட்டாள், நேரில் கேட்டாள், அவர் மேசையில் பிரியாணிகூட வைத்தாள். வரைபடங்களும் திரும்பவில்லை, பிரியாணியும் திரும்பவில்லை.

ஆயுத பூஜை நெருங்கியது. கம்பெனி முழுசாக ஓயும் நாட்கள் அவைதான். நோட்டீஸ் போர்டில் சுரையா கையெழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: புத்தகங்களைப் பூஜையில் வைப்பதுபோல, இந்த ஆண்டு வரைபடங்களையும் வைக்கிறோம். திருப்பி வைக்காதவர்களின் வரைபடங்கள் பூஜையில் சேராது.

ராஜாராம் சார் அவள் மேசைக்கு வந்து, "இன்னாம்மா, நீ எப்போலேர்ந்து பூஜ போட ஆரம்பிச்ச?" என்றார்.

"நான் போடல சார். உங்களுக்கோசரம் எடுத்துக் குடுக்கறேன். வேணான்னா உங்க பேர மட்டும் வுட்டுடறேன்."

அன்று சாயங்காலமே எல்லாம் திரும்பி வந்தன.

பூஜை முடிந்து, பழைய சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். சுரையாவுக்கு நோன்பு, தன் பங்கை டிபன் பாக்ஸில் மூடி வைத்தாள். பழையதைப் பார்க்கலாம், திருத்த முடியாது என்று பூட்டினாள். திருத்த முயல்பவர்களுக்குத் திரையில் தெரிய ஒரு வரியும் தட்டினாள். நகல் ஓட ஆரம்பித்தது. சர்வர் அறையில் நாங்கள் இருவர், கேட்டில் வாட்ச்மேன் ஏசுதாஸும் அவர் நாயும்.

பொழுது சாயும் நேரம் அவள் செல்போன் அடித்தது. ராஜாராம் சார். எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சுரையா, சிஸ்டம் எதுனா மக்கர் பண்ணுதா?"

"இல்லியே சார். எங்க கீறீங்க?"

"வூட்லதான்."

எங்கள் தலைக்கு மேல், டிசைன் ஹாலில், சக்கர நாற்காலி ஒன்று கடகடவென்று உருண்டது. சுரையா அண்ணாந்து பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"நல்லதா போச்சு சார். மேல யாரோ பூந்துகினாங்க போல கீது. ஏசுதாஸ் அண்ணன நாயோட அனுப்பறேன்."

"வேணாம்மா. எலியா இருக்கும்."

"எலி நாற்காலில குந்திக்கினு கீது சார்."

போன் கட்டானது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒரு வரைபடத்தில் துளை அளவைத் தப்பாகப் போட்டுவிட்டதாகவும், யாரும் பார்க்குமுன் கமுக்கமாக மாற்றப் பின்வாசல் வழியாக வந்ததாகவும் அவரே சொன்னார். போன தடவையும் அப்படித்தான் செய்தாரா என்று சுரையா கேட்டாள். அவர் சர்வரின் குங்குமப் பொட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். அவரும் பூஜை நாளில் ஆயுதத்தைத் தொட்டதை வெளியே சொல்ல முடியாது; அவளும் சொல்வதாக இல்லை.

அதற்குள் மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. அவள் பேரீச்சம்பழத்தோடு பொரியையும் சேர்த்து நோன்பு திறந்தாள். அவருக்கும் ஒரு கை கொடுத்து, புது சர்வரில் ஒவ்வொரு வரைபடமாகச் சரிபார்க்க உட்கார வைத்தாள். பழையதும் புதியதும் எங்கேயும் மாறுபடவில்லை. விடுமுறை முடிந்த காலை, எல்லோர் கண் முன்னாலும் தன் துளையைத் திருத்தி, புதியதில் முதல் வரைபடத்தைத் திருப்பி வைத்தவர் ராஜாராம் சார்தான்.

வேதாசலம் சுரையாவின் கையைக் குலுக்கி, பழைய சர்வரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார். அவள் கேட்ட கேள்வி உங்களுக்கே தெரியும். சரி, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். லுக்மான் பாய் மெத்தையைத் தன் ஸ்கூட்டருக்குப் போட்டுக்கொண்டார்.

பழைய சர்வர் இப்போதும் அவள் மேசைக்கடியில் இருக்கிறது. இன்று மதியம் அதைத் துடைத்து, ஓடவிட்டு, ஏதோ ஒரு வரைபடத்தைத் திருத்தப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் அவள் தட்டிய தமிழ் வரி திரையில் வந்தது:

பூஜையில் இருக்கிறது. கையை எடுங்க சார்.

எடுத்துவிட்டேன்.